கரை கட்டியவனின் அக்கா

1995 ஆகஸ்ட் 17

இன்றும் மழை. காலையில் வைத்த அடோபோ பதினோரு மணிக்கெல்லாம் அடி தெரிந்துவிட்டது. ஆற்றுக்குக் கரை கட்டும் வேலை நடக்கும்வரை என் கடையில் மிச்சம் என்ற பேச்சே இருக்காது போல. லாரிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, காடியில் வெந்த பன்றிக்கறியின் சாற்றை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

தம்பி இசித்ரோ மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்தான். மேஸ்திரி ஆனதிலிருந்து அதைக் கழற்றுவதே இல்லை. எதிர்வீட்டு வாசலிலிருந்து பெனிட்டா குரல் கொடுத்தாள்: "டேய், சர்ச்சுக்கும் இதோடதான் போவியா? ஆண்டவர் உன் தலையில ஒண்ணும் போட மாட்டார்டா."

அவள் புருஷன் மக்காரியோ காபியோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய தகரப் பெட்டியையும் தையல் மெஷினையும் ஆஞ்செலஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறாராம்.

"எதுக்கு அண்ணே? பெட்டியெல்லாம் கட்டாதீங்க. கரை நிக்கும்."

"நீ சொன்னா சரிடா."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு கோழிச்சண்டை பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

எரிமலை வெடித்து நாலு வருஷம். அன்றோடு முடிந்தது என்று நினைத்தோம். மேலே கொட்டிக் கிடக்கும் சாம்பலும் மணலும் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, குழம்பாகக் கொதித்துக்கொண்டு ஆற்றோடு இறங்குகிறது. லஹார் என்கிற இந்தச் சேறு மேற்கே மூன்று கிராமங்களை மூடிவிட்டது. எங்கள் சான் அனிசெட்டோவுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது என் தம்பி வேலை செய்யும் அந்தக் கரைதான்.

ஆகஸ்ட் 18

கூரையில் ஓர் ஓட்டை. அடியில் சட்டி வைத்திருக்கிறேன். பெனிட்டா வந்து, "சாறு கொதிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 9

மழை விட்டிருந்தது. சாயங்காலம் பெனிட்டாவும் நானும் பிளாஸா மைதானம் வரை நடந்தோம். சாம்பல் படிந்து மரமெல்லாம் கிழடு தட்டியிருக்கிறது. மைதானத்து மேடையைப் பார்த்ததும் இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது.

அங்கேதான் மக்காரியோ அவளை முதலில் ஆடக் கூப்பிட்டார். திருவிழா ராத்திரி, ஊர் பாண்டு வாசிக்கிறது, அவர் வந்து நின்றது என் முன்னால். நான் கையை நீட்டிவிட்டேன். "இல்ல, பக்கத்துல இருக்கறவங்கள…" என்றார். முப்பது வருஷமாக பெனிட்டா இதைச் சொல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது. நீட்டிய கையை என்ன செய்தேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு விதமாகச் சொல்வாள். இன்று, கொசு அடித்ததாகச் சொன்னாள்.

பிறகு அவர் ஆள் ஏற்றி ஓட்ட ஒரு ஜீப்னி வண்டி வாங்கினார். நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'பெனிட்டா'. சண்டை வந்தால் அதை அழித்துவிட்டுப் புனிதர் பெயர் எழுதுவேன் என்று மிரட்டுவார். "எழுதிக்கட்டும். புனிதரே வந்து சோறு வடிச்சுப் போடட்டும்" என்பாள் இவள்.

அம்மா போனபோது இசித்ரோவுக்கு ஐந்து வயது, எனக்கு இருபது. நான் கடை அடுப்பைவிட்டு நகர முடியாது. அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட்டது பெனிட்டா. ஜீப்னியில் மக்காரியோ மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வருவான், ஊரையே தான் ஓட்டுகிற மாதிரி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை. ஒரு பிள்ளையை மூன்று பேராக வளர்த்தோம்.

செப்டம்பர் 30

புயல். ரேடியோ காலையிலிருந்து அதையேதான் சொல்கிறது. தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டுகிறார்கள், பாதிப் பேர் அவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள்.

இசித்ரோ நனைந்து வந்து நின்றபடியே சாப்பிட்டான். வாசலில் மக்காரியோ, ஜீப்னி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

"கிளம்பணுமாடா? சொல்லு, இப்பவே எல்லாரையும் ஏத்திடறேன்."

"விடியட்டும் அண்ணே. காலைல ஒரு தடவ பாத்துட்டு நானே வந்து சொல்றேன்."

என் முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கழுவி வைத்தான். அவன் எப்போதும் தட்டைக் கழுவ மாட்டான்.

அக்டோபர் 4. பள்ளிக்கூட முகாம்

இந்தத் தாள் ஒரு பிள்ளை கொடுத்தது.

ஞாயிறு காலை. பூசைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். நூறு லாரி ஒரே சமயத்தில் வருகிற மாதிரி சத்தம். கரை லாரிகள் என்றே நினைத்தேன். மக்காரியோ ஓடி வந்து எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். வழியில் கண்டவர்களை எல்லாம் ஏற்றினார். கூரைமேல்கூட ஆட்கள். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் எங்களை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பினார்.

பெனிட்டா கதவைப் பிடித்துக்கொண்டாள். "போதும், வா. இறங்கு."

"கடைசித் தெருவுல பிள்ளைங்க இருக்குடி. இதோ வந்துடறேன்."

மேட்டிலிருந்து பார்த்தோம். சாம்பல் நிறத்தில், ஆவி பறக்க, ஒரு மாடி உயரத்துக்கு வந்தது. அவசரமே இல்லாத மாதிரி வந்தது. சந்தை போயிற்று. சினிமாக் கொட்டகை போயிற்று. சர்ச் மட்டும் இடுப்பளவு புதைந்து நின்றுகொண்டிருந்தது. ஜீப்னி தெருமுனையில் திரும்பியதைப் பார்த்தேன். சிவப்பு எழுத்து தெரிந்தது. அப்புறம் அந்தத் தெருவே இல்லை.

இசித்ரோ எங்கே? தெரியவில்லை.

அக்டோபர் 6

உயிரோடு இருக்கிறானாம். ஆஞ்செலஸில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். பெனிட்டாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சந்தோஷப்படுகிற முகத்தோடு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

அக்டோபர் 19

பெனிட்டா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்தின் அந்தப் பக்கம் போய்விட்டாள். சண்டை போடவில்லை. என் போர்வையை மடித்து என் பாயில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

கரை உடைந்த இடத்தைப் போய்ப் பார்த்தவர்கள் வந்து சொல்கிறார்கள். மேலே விரற்கடை அளவு சிமென்ட், உள்ளே வெறும் மணலாம். ஆற்றிலிருந்தே அள்ளிய மணலை ஆற்றுக்கு எதிராகவே குவித்து, மேலே பூசியிருக்கிறார்கள். சோற்று வரிசையில் என் பின்னால் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "கரையில போடாத சிமென்ட்ட எல்லாம் மலையே கொண்டாந்து ஊர் மேல போட்டுடுச்சு. மேஸ்திரி அக்காவுக்கு ரெண்டு கரண்டி சேத்துப் போடுங்க, நம்ம தயவு அவங்களுக்கு வேணும்."

தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். பசித்தது. என்ன செய்வது?

நவம்பர் 2. ஆத்துமாக்கள் தினம்

கல்லறைத் தோட்டம் மணலுக்குக் கீழே. எங்கே இருந்தது என்பதிலேயே சண்டை. மின்கம்பத்தின் தலையை வைத்து ஒருவர் அளக்கிறார், மாமர உச்சியை வைத்து இன்னொருவர். கடைசியில் அவரவருக்குத் தோன்றிய இடத்தில் மெழுகுவத்தி நட்டார்கள். அம்மாவுக்கு நான் நட்டது யார் தலைமேலோ.

முன்னெல்லாம் இந்த நாள் எப்படி இருக்கும். ஊரே சோற்றுப் பானையோடு கல்லறைக்கு வந்துவிடும். அம்மாவின் கல்மேல் துணி விரித்துச் சாப்பிடுவோம், அப்புறம் சீட்டாட்டம். மக்காரியோ தோற்றால், அம்மாவின் கல்லைத் தட்டி, "அத்தே, உங்க பொண்ணு திருட்டு ஆட்டம் ஆடுது" என்பார். இசித்ரோ உருகி வழிந்த மெழுகை எல்லாம் திரட்டி உருண்டை பிடிப்பான். ராத்திரி தூங்குகிறவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெனிட்டா வருவாள். பூவும் மெழுகும் கறியும் கலந்த அந்த வாசனை எங்கேயும் வராது.

பெனிட்டா கடைசித் தெரு இருந்த பக்கம் தனியாகப் போனாள். நான் தூரத்தில் நின்றேன். காற்றில் அவள் மெழுகுவத்தி அணைந்துகொண்டே இருந்தது. போய்க் கையால் மறைத்துப் பிடித்திருக்கலாம். போகவில்லை.

நவம்பர் 23

இசித்ரோ வந்தான்.

முகாமுக்கு வெளியே, நான் சமைக்கிற தார்ப்பாய்க் கொட்டகைக்குப் பின்பக்கமாக. தாடி, அழுக்கு. சோறு போட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடித்ததும் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அக்கா. எல்லாருக்கும் தெரியும். மண் அடிச்ச லாரிக்காரனுக்குக்கூடத் தெரியும். ரெண்டு தடவ இன்ஜினியர்ட்ட கேட்டேன். உன் வேலையப் பாருன்னாரு. பாத்தேன்."

"மக்காரியோ பெட்டி கட்டறேன்னாரே. அன்னைக்கு ஏண்டா சொல்லல?"

தட்டில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் வழித்தான்.

"நிக்கும் நிக்கும்னு தினமும் பத்துப் பேருக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. கடைசி ராத்திரி மட்டும் பயமா இருந்துச்சு. அப்ப போய், நான் சொன்னதெல்லாம் பொய்னு அண்ணன்ட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது? விடிஞ்சா சரியாப் போயிடும்னு நெனச்சேன்."

கையில் கரண்டி இருந்தது. ஓங்கினேன். அவன் விலகவில்லை, தலையைக் குனிந்து காட்டினான். சின்ன வயதிலும் அப்படித்தான். கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு, போ என்று சொன்னேன்.

நவம்பர் 24

நான் வளத்த புள்ள. என் கையால ஊட்டின புள்ள. எங்கே விட்டேன்? பொய் சொன்னா அடிச்சிருக்கேனே — அடிச்சேனா? பெனிட்டா குறுக்க வந்து தூக்கிட்டுப் போயிடுவா. அவதான் தூக்கிட்டுப் போவா. அவதான்.

1996 ஜனவரி 18

கரை உடைந்தது பற்றி மாகாணத் தலைநகரில் விசாரணை. இசித்ரோவை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறான். எனக்கு ஆள் விட்டுச் சொன்னான், போனேன்.

எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். எத்தனை லோடு மணல், மேலே எவ்வளவு பூச்சு, யார் சொல்லிச் செய்தது. அப்புறம், யாரும் கேட்காமலே, "மக்காரியோங்கறவர் ராத்திரி என்கிட்ட கிளம்பட்டுமான்னு கேட்டார். விடியட்டும்னு சொன்னது நான்" என்றான்.

கரை கட்டிய காண்ட்ராக்டரின் வக்கீல் சிரித்தார். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததற்காக நிறுத்தப்பட்ட ஆள், கோபத்தில் பேசுகிறான் என்றார். இசித்ரோ வாழ்க்கையில் குடித்ததில்லை. அதை அவன் சொல்லவும் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் பெனிட்டா. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவன் உட்கார்ந்ததும் எழுந்து போய்விட்டாள்.

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவள் முன்னால், நான் பின்னால்.

பிப்ரவரி 6

விசாரணை முடிந்தது. யார் மேலும் குற்றமில்லை, மலைதான் குற்றவாளி. இசித்ரோவுக்கு எந்தக் காண்ட்ராக்டரும் இனி வேலை தர மாட்டான். ஹாலோ பிளாக் அச்சடிக்கிற இடத்தில் மணல் சலிக்கிறான். ராத்திரி என் கொட்டகையில்தான் படுக்கை. அதிகம் பேசிக்கொள்வதில்லை.

மார்ச் 11

அரசாங்கம் கொடுக்கிற வீடுகளைப் போய்ப் பார்த்தேன். தீப்பெட்டி அடுக்கிய மாதிரி. தெருவுக்குப் பெயர் இல்லை, எண் இருக்கிறது. சந்தைக்காரி ஒருத்தி, "ராத்திரி எழுந்து போனா எந்த வீடு நம்மளதுன்னு தெரியல. நேத்து அடுத்தவ புருஷன எழுப்பிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்தாள்.

பெனிட்டா ஊருக்கே திரும்பிவிட்டாளாம். அவள் வீட்டு மாடி மணலுக்கு மேல் நிற்கிறது. ஜன்னலை உடைத்து வாசலாக்கிக்கொண்டாள். இன்னும் ஏழெட்டுக் குடும்பங்களும் அப்படி.

ஏப்ரல் 2

நானும் வந்துவிட்டேன், இசித்ரோவோடு. என் கடை இருந்த இடத்துக்கு மேலே நாலு மூங்கில், ஒரு தகரம். கீழே, மூன்று ஆள் ஆழத்தில் என் பழைய அடுப்பு.

மணல் இறுகித் தரையாகிவிட்டது. இதன்மேல் நடப்பது விசித்திரம். மின்கம்பி தலையில் இடிக்கிறது. மாமரத்தில் நின்ற இடத்திலிருந்தே காய் பறிக்கலாம். அந்தக் கிளைக்காக இசித்ரோ எத்தனை தடவை விழுந்திருப்பான். சர்ச்சுக்கு ஜன்னல் வழியாகக் குனிந்து போகிறோம். நடக்கும்போது காலுக்குக் கீழே எண்ணிக்கொண்டே போகிறேன்: இது மருந்துக் கடை, இது பேக்கரி, விடிகாலையில் ரொட்டி வாசனை இந்த மூலை திரும்பினால் வரும். இது பிளாஸா. இங்கே டிசம்பரில் ஆள் உயர நட்சத்திர விளக்குகள், தெருவுக்குத் தெரு போட்டி. எங்கள் தெரு விளக்கு ஒரு வருஷம் பற்றி எரிந்தது; எரிந்ததுதான் எல்லாவற்றிலும் அழகு என்று மக்காரியோ பரிசு கேட்டுப் போனார். நின்று சிரித்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

எதிர்வீட்டு ஜன்னல்வாசலில் பெனிட்டா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

மே 20

மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். மணல் இந்த வருஷமும் வரும். எல்லாரும் தூண் எழுப்பித் தளத்தை உயர்த்திக்கொள்கிறார்கள். பெனிட்டா வீட்டு வேலையை ஒத்துக்கொண்ட மேஸ்திரி, மணிலாவில் நல்ல கூலி என்று பாதியில் போய்விட்டான். நாலு குழி வெட்டியபடி கிடக்கிறது. இசித்ரோ தினமும் அந்தக் குழிகளைப் பார்த்தபடி நடந்துபோகிறான்.

மே 24

மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், பெனிட்டா வந்தாள். உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை:

"உன் தம்பி தூண் போடுவானா?"

"போடுவான்."

"நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். ஒவ்வொரு சட்டிக் கலவையும் பாப்பேன்."

"பாரு."

"அவன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றை வடிக்க மறந்து குழைந்துவிட்டது. லாரிக்காரன் ஒருத்தன், கஞ்சியும் கிடைக்குமா இந்தக் கடையில் என்றான்.

மே 27

வேலை ஆரம்பம். பெனிட்டா நாற்காலி போட்டுக் குடையோடு உட்கார்ந்துவிட்டாள். கலவையில் சிமென்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு என்று அவள் கண் முன்னால்தான் கொட்ட வேண்டும். பத்து ஹாலோ பிளாக்கை இடுப்பளவிலிருந்து கீழே போட்டுப் பார்த்தாள். மூன்று உடைந்தன. மொத்த வண்டியையும் திருப்பி அனுப்பச் சொன்னாள், அவனிடம் இல்லை, என்னிடம். இசித்ரோ திரும்ப ஏற்றினான். அவன் வேலை செய்கிற இடத்தில் அடித்த கல்தான். அங்கே போய் என்ன பேச்சு வாங்கினானோ தெரியாது. சாயங்காலம் வேறு கல் வந்தது. பத்தும் உடையவில்லை.

மே 31

இரண்டாவது தூணில் கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பெனிட்டா கவனிக்கவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வந்து பார்க்கும்போது இசித்ரோ தானே உடைத்துக்கொண்டிருந்தான். பாதி நாள் வேலை.

அவள் வெகுநேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு குடையை மடக்கி நாற்காலியில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். இன்று முழுக்கத் திரும்பி வரவில்லை.

ஜூன் 15

மலை வெடித்து ஐந்து வருஷம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் தூறியது. எல்லாரும் மேற்கே பார்த்தோம், அப்புறம் அவரவர் வேலைக்குப் போனோம்.

பெனிட்டா வீட்டுத் தளம் முடிந்துவிட்டது. நாலு தூணும் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. இன்னும் ஒரு மாடி மண் வந்தாலும் தாங்கும் என்று யாரோ சொன்னார்கள். இசித்ரோ எதுவும் சொல்லவில்லை. யார் கேட்டாலும் இப்போதெல்லாம் அவன் அப்படித்தான்.

சாயங்காலம் நான் போனேன். அவன் பூச்சுக் கரண்டியையும் மட்டப்பலகையையும் கழுவிக்கொண்டிருந்தான். பெனிட்டா ஒவ்வொரு தூணாகப் போய் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கடைசித் தூணில் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். என்ன நினைத்தாளோ. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"புது மாடிக்கு ஏறப் படி இல்ல. எனக்கு முட்டி வலிக்குது. நாளைக்கு ஏழு மணிக்கு வரச் சொல்லு."

இசித்ரோ எங்களிடமிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் நின்றான். தலையைத் தூக்காமல், "வரேன்னு சொல்லு அக்கா" என்றான்.

நான் இருவருக்கும் நடுவில் நின்று இரண்டையும் சொன்னேன்.